தப்பு செய்யாதவர்கள் கேட்ட மன்னிப்பு

உங்கள் அக்கா மகனோ சித்தப்பா பெண்ணோ ஆஸ்திரேலியாவில் இருந்தால், அவர்கள் வீட்டுப் பிள்ளையின் பள்ளி விழா வீடியோ ஒன்றாவது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். நம் வீட்டு வாண்டு மேடையேறும் இடத்துக்கு நேராகத் தள்ளிவிடுவோம். அடுத்த முறை தள்ளாமல் முதல் ஒரு நிமிடத்தைப் பாருங்கள். யாரோ ஒருவர், பல நேரம் ஒரு மாணவியே, மைக் முன்னால் வந்து நிற்பார். நாம் கூடியிருக்கும் இந்த மண் இன்ன மக்களுடையது, அவர்களுடைய மூத்தோருக்கு எங்கள் மரியாதை என்று இரண்டு வரி சொல்லிவிட்டுப் போவார். சிட்னியில் நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் பென்டில் ஹில், டூங்காபி பக்கம் என்றால் அந்த மக்களின் பெயர் டாருக். மெல்பர்ன் என்றால் பெரும்பாலும் வுருஞ்செரி.

ஆபீஸ் மீட்டிங், கோயில் கமிட்டி ஆண்டுவிழா, கிரிக்கெட் மேட்ச் என்று எல்லா இடத்திலும் இது உண்டு. நம் ஊரில் தமிழ்த்தாய் வாழ்த்து மாதிரி ஒரு சம்பிரதாயம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால், அரசாங்கம் உத்தரவு போட்டு வந்த வழக்கம் இல்லை இது. இப்படிச் சொல்லுங்கள், இதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராக, சர்ச் ஹாலிலும் நூலகத்திலும் கூடிப் பேசிய சாதாரண மக்களின் குழுக்கள்தான் இதை வெகுவாகப் பரப்பின. வெள்ளைக்காரர்களும் பூர்வகுடி மக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த குழுக்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

அவர்கள் தங்கள் வேலைக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் நல்லிணக்கம் என்கிறோம். இந்தச் சொல்லில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பங்காளிகள் இரண்டு பேர் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து, ஒரு கல்யாணத்திலோ சாவு வீட்டிலோ மறுபடி பேசிக்கொண்டால் ராசியாகிவிட்டார்கள் என்போம். முன்பு உறவாக இருந்தவர்களுக்கு அது சரி. ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் புகுந்து உட்கார்ந்துகொண்டு, இருநூறு வருஷம் கழித்து ராசியாகலாம் என்றால்? ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களில் பலரே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்டுக்கொண்டேதான் சிலர் அந்த மேசையில் வந்து உட்காரவும் செய்கிறார்கள்.

ஏன் உட்கார்ந்தார்கள் என்று புரிய, மயால் க்ரீக் என்ற சின்ன ஓடைக்குப் போக வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே, பிங்காரா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிறது அது.

1838-ம் ஆண்டு. அந்த ஓடைக்கரையில் ஹென்றி டாங்கர் என்பவரின் மாட்டுப் பண்ணை இருந்தது. பண்ணையாட்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். விராயராய் என்ற பூர்வகுடிப் பிரிவைச் சேர்ந்த சில குடும்பங்கள், பண்ணையாட்களில் ஒருவரான சார்லஸ் கில்மெய்ஸ்டர் கூப்பிட்டதன் பேரில், சில வாரங்களாக அந்தப் பண்ணையிலேயே தங்கியிருந்தன. சுற்றுவட்டாரத்தில் ஆயுதக் கும்பல்கள் திரிந்த காலம் அது. பண்ணையில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்திருப்பார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பண்ணையாட்கள் சார்லி என்பது போன்ற ஆங்கிலப் பெயர்கள்கூட வைத்திருந்தார்கள்.

ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை. குழுவின் இளைஞர்கள் மரப்பட்டை வெட்டப் பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்தார்கள். மாலை நேரத்தில் குதிரைகளில் ஒரு கும்பல் வந்தது. வந்தவர்கள் அங்கிருந்த பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள் எல்லோரையும் ஒரே நீளக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். குறைந்தது 28 பேர். அரை மைல் தள்ளி வாளால் வெட்டிக் கொன்றார்கள். பிறகு உடல்களை எரித்தார்கள். கூப்பிட்டு வைத்திருந்த கில்மெய்ஸ்டரும் அந்தக் கும்பலோடு சேர்ந்துகொண்டார் என்பதுதான் இந்தக் கதையில் என்னால் தாண்டிப் போக முடியாத இடம். இரண்டு சிறுவர்கள் ஓடையில் குதித்துத் தப்பினார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி நடந்தவை ஏராளம். நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் லிண்டல் ரயன் தலைமையில் தயாரிக்கப்பட்ட படுகொலை வரைபடத்தில் 400-க்கும் மேற்பட்ட இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மயால் க்ரீக் வேறுபடுவது ஒரே காரணத்தால். அங்கே கேஸ் நடந்தது.

பண்ணையின் மேற்பார்வையாளர் வில்லியம் ஹாப்ஸ் சில நாள் கழித்துத் திரும்பிவந்து, எரிந்த உடல்களைப் பார்த்து, மேலிடத்துக்குத் தகவல் கொடுத்தார். கொலையில் சேர மறுத்த ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற பண்ணைக் கைதி, தன்னோடு வேலை பார்த்தவருக்கு எதிராகவே சாட்சி சொன்னார். குற்றவாளிகளைக் காப்பாற்ற நிலக்காரர்கள் பணம் திரட்டி வக்கீல் வைத்தார்கள். பூர்வகுடியினர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது என்ற நிலை வேறு. 11 பேர் மீது நடந்த முதல் வழக்கில், கிடைத்த உடல் 'டாடி' என்று அழைக்கப்பட்ட முதியவருடையதுதான் என்பதை நிரூபிக்க முடியாமல் போனது. ஜூரிகள் எழுந்து போய் இருபது நிமிடத்துக்குள் திரும்பிவந்து எல்லோரையும் விடுவித்தார்கள். அட்டர்னி ஜெனரல் ஜான் பிளங்கெட் விடவில்லை. ஒரு குழந்தையைக் கொன்றதாக ஏழு பேர் மீது மறுபடி வழக்குப் போட்டார். டிசம்பர் 18 அன்று ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். கில்மெய்ஸ்டரும் அவர்களில் ஒருவர். கும்பலுக்குத் தலைமை தாங்கியதாகச் சொல்லப்படும் ஜான் ஃப்ளெமிங், அந்தப் பன்னிரண்டு பேரில் கைதியாக வராத ஒரே ஆள், கடைசிவரை பிடிபடவேயில்லை.

நீதி கிடைத்துவிட்டதே என்று தோன்றலாம். நடந்தது வேறு. வெள்ளையரைத் தூக்கில் போட்டுவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் குடியேறிகளிடம் மிஞ்சியது. கொலைகள் நிற்கவில்லை, வெளியே தெரியாமல் நடக்க ஆரம்பித்தன. மயால் க்ரீக் பற்றி அந்த ஊரில் பேசுவதே நின்றுபோனது. ஒரு நினைவுக்கல் வைக்கலாம் என்று 1960-களில் பிங்காராக்காரர் ஒருவர் கேட்டபோது, ஊரே அவர் மேல் பாய்ந்தது. பழசை எதற்குக் கிளற வேண்டும்? உலகத்தில் எந்த ஊரிலும் இந்தக் கேள்விக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

அந்த மௌனத்தை உடைத்தவர் சூ பிளாக்லாக். கொலையிலிருந்து தப்பியவர்களின் வழிவந்த பூர்வகுடிப் பெண். அவரும் யுனைட்டிங் சர்ச்சைச் சேர்ந்த சிலரும் எடுத்த முயற்சியில், 1998-ல் மயால் க்ரீக்கிலேயே ஒரு நல்லிணக்க மாநாடு நடந்தது. அதிலிருந்து ஒரு நினைவிடக் குழு உருவானது. அந்தக் குழுவில் பூர்வகுடியினர், சர்ச்காரர்கள், பக்கத்துப் பண்ணை விவசாயிகள் எல்லோரும் இருந்தார்கள். இன்ன இடம், இன்ன வாசகம், 'கொலை' என்று எழுதலாமா கூடாதா என்று உட்கார்ந்து பேசிப் பேசியே இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் வருவது என்பதற்கே நம் வீடுகளில் எவ்வளவு நடக்கிறது? இது 160 வருஷத்துப் பழி. இரண்டே வருஷத்தில் முடித்தது பெரிய விஷயம் என்பேன்.

2000-ம் ஆண்டு ஜூன் 10 அன்று நினைவிடம் திறக்கப்பட்டது. பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. புல்வெளியில் வளைந்து போகும் ஒரு நடைபாதை, வழியில் ஏழு கற்கள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்திலும் கமிலராய் மொழியிலும் கதையின் ஒரு பகுதி. கடைசியில், சம்பவ இடத்தைப் பார்த்தபடி ஒரு பெரிய பாறை.

திறப்பு விழாவுக்குக் கொலைகாரர்களின் வம்சத்தைச் சேர்ந்தவர்களும் வந்திருந்தார்கள். தூக்கிலிடப்பட்ட ஒருவரின் குடும்பத்தில் வந்த பெண், வழக்கிலிருந்து தப்பிய ஒருவரின் வழிவந்த ஆண் என இருவர். குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். தங்கள் முன்னோரைத் தேடப் போன இடத்தில் இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர்கள். கொன்றவர்களின் பிள்ளைகளும் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் எல்லோர் முன்னிலையிலும் கட்டிப்பிடித்து அழுதார்கள். மன்னிப்பு கேட்கப்பட்டது, ஏற்கப்பட்டது.

இந்தச் சின்ன ஊர்ச் சம்பவத்தை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே நேரத்தில் நாட்டின் தலைநகரில் ஓடிக்கொண்டிருந்த வாக்குவாதம் அப்படி. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது அங்கே பல தலைமுறைகளாக அரசாங்கக் கொள்கையாகவே இருந்தது. 1910 முதல் 1970 வரை பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான குழந்தைகள் இப்படிப் பறிக்கப்பட்டதாக 1997-ல் வந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. அரசு மன்னிப்பு கேட்க வேண்டும் என்றது அறிக்கை. பிரதமர் ஜான் ஹோவர்ட் மறுத்தார். முன்பு நடந்ததற்கு இன்றைய தலைமுறை குற்றவாளியாக முடியாது என்பது அவர் வாதம். அதே 1997 மே மாதம் மெல்பர்னில் நடந்த நல்லிணக்க மாநாட்டில் அவர் பேசும்போது, கூட்டத்தில் பலர் எழுந்து அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

அவர் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தாத்தா செய்ததற்குப் பேரன் ஏன் தலைகுனிய வேண்டும்? நம் வீட்டில் இதே கேள்வி வந்தால் நாமும் தடுமாறுவோம். மயால் க்ரீக்கில் மன்னிப்பு கேட்டவர்களும் 'நான் செய்தேன்' என்று சொல்லவில்லை. 'இது நடந்தது, என் குடும்பத்தால் நடந்தது, அதை மறைத்தோம்' என்றுதான் ஒப்புக்கொண்டார்கள். மறைப்பது என்பது தாத்தாவோடு முடிவதில்லையே, பேரனும் அதை இன்றைக்கும் செய்துகொண்டிருக்கலாம்.

பிரதமர் வாய் திறக்காத அந்த நாட்களில் ஜனங்கள் முந்திக்கொண்டார்கள். 1997 அக்டோபரில் கான்பரா நாடாளுமன்றத்தின் முன்னால் புல்தரையில் ஆயிரமாயிரம் பிளாஸ்டிக் கைகளை நட்டது ஆன்டார் என்ற மக்கள் அமைப்பு. ஒவ்வொரு கையும் ஒருவருடைய கையெழுத்து. 1998 மே 26 அன்று முதல் தேசிய மன்னிப்பு நாள். ஊர் ஊராக நோட்டுப் புத்தகங்களைத் திறந்து வைத்து, மன்னிப்பு எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம் என்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதினார்கள். 2000 மே 28 அன்று, அதாவது மயால் க்ரீக் நினைவிடம் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு, சிட்னி துறைமுகப் பாலத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் நடந்தார்கள். முழுக் கூட்டமும் கடந்து முடிக்கக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆனது. ஒரு விமானம் வானத்தில் 'ஸாரி' என்று புகையால் எழுதியது.

நாடாளுமன்றத்தில் அந்தச் சொல் ஒலிக்க மேலும் எட்டு வருஷம் பிடித்தது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் சொன்னார்.

இதோடு நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். நிறுத்த முடியாது.

2001-ல் தொடங்கிய ரிகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு, 2006 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. கம்பெனிகள், பள்ளிகள், அரசு அலுவலகங்கள் ஆகியவை பூர்வகுடி மக்களுக்கு இத்தனை வேலை தருவோம், இன்ன உறவு வளர்ப்போம் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். இன்று ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் இதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாகவும், உயர்நிலைச் சான்றிதழ் பெற்றதாகவும் இருந்தது ரியோ டின்டோ சுரங்க கம்பெனி. 2020 மே 24 அன்று, நாடே நல்லிணக்க வாரம் கொண்டாட மூன்று நாள் இருக்கும்போது, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் இரும்புத்தாதுக்காக அந்த கம்பெனி இரண்டு பாறைக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. அங்கே 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியதற்கு ஆதாரம் இருந்தது. முன்பு நடந்த அகழாய்வில் 4,000 ஆண்டு பழைமையான, மனித முடியால் பின்னிய ஒரு துண்டு கிடைத்திருந்தது. அதன் மரபணு, இன்று அங்கே வாழும் பூட்டு குன்டி குர்ராமா, பினிகுரா மக்களோடு பொருந்தியது. பாட்டியின் பாட்டியின் பாட்டி என்று எவ்வளவு தூரம் எண்ணிப் போனாலும் அதே வீடு! தகர்த்தது சட்டப்படி அனுமதியோடுதான். ரிகன்சிலியேஷன் ஆஸ்திரேலியா தன் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. தலைமை நிர்வாகி உட்பட மூவர் பதவியிழந்தார்கள். குகை போனது போனதுதான்.

கோப்பில் எழுதிய நல்லெண்ணத்துக்கும் மயால் க்ரீக் போன்ற இடத்தில் நடந்ததற்கும் உள்ள தூரம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே விவசாயிக்கும் சூ பிளாக்லாக்குக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். மறுநாள் கடைத்தெருவில் பார்த்தாக வேண்டும்.

அப்புறம் வந்தது 2023. பூர்வகுடி மக்கள் தங்களைப் பற்றிய சட்டங்களில் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு நிரந்தரக் குழு வேண்டும், அதை அரசியல் சாசனத்தில் எழுத வேண்டும் என்று பொது வாக்கெடுப்பு. அக்டோபர் 14. அன்று அகமதாபாத்தில் இந்தியா–பாகிஸ்தான் உலகக்கோப்பை மேட்ச். நம் ஊரில் இந்தச் செய்தியை யார் பார்த்திருப்பார்கள்? சுமார் 60 சதவிகிதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்தன. 1967-ல் பூர்வகுடிகளையும் மக்கள்தொகையில் எண்ண வேண்டும் என்ற வாக்கெடுப்பில் 90 சதவிகிதத்துக்கு மேல் ஆதரித்த அதே நாடு.

'வேண்டாம்' என்ற எல்லோரும் வெறுப்பில் போடவில்லை. ஒரு பிரிவினருக்கு மட்டும் தனி இடமா என்று கேட்டவர்கள் உண்டு. இந்த ஆலோசனைக் குழு போதாது, எங்களோடு ஒப்பந்தம் போடுங்கள் என்று எதிர்த்த பூர்வகுடித் தலைவர்களும் உண்டு. ஆனால் பாலத்தில் நடந்த இரண்டரை லட்சம் கால்கள் வாக்குச்சாவடிவரை போதவில்லை என்பது உண்மை. மன்னிப்பு சொல்ல மனசு போதும். அதிகாரத்தில் பங்கு என்றதும் கணக்குப் பார்க்கிறோம். முடிவு வந்ததும் பூர்வகுடித் தலைவர்கள் ஒரு வாரம் மௌனம் காக்கப்போவதாக அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அங்கே குடியுரிமை வாங்கிய நம்மவர்களும் அன்று வாக்குப் போட்டார்கள். போட்டே ஆக வேண்டும், அங்கே அது கட்டாயம். நாங்கள் வந்ததே நேற்றுதான், எங்களுக்கும் அந்தப் பழங்கதைக்கும் என்ன என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. பழங்கதையாக இருந்தால் சரி. பூர்வகுடி மக்கள் அந்த நாட்டில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. சிறையில் இருப்பவர்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அவர்கள். சராசரி ஆயுள் மற்றவர்களைவிட எட்டு வருஷத்துக்கு மேல் குறைவு. நாம் வீடு வாங்கி, புதுமனை புகுவிழா நடத்திப் பால் காய்ச்சும் மண்ணின் இன்றைய கணக்கு இது.

மயால் க்ரீக் குழுவுக்கும் சோதனைகள் உண்டு. 2005-ல் யாரோ இரவோடு இரவாக வந்து பலகைகளைச் சேதப்படுத்தினார்கள். குறிப்பாக 'கொலை', 'பெண்கள்', 'குழந்தைகள்' என்ற சொற்களைத் தேடிப்பிடித்துச் செதுக்கி எடுத்தார்கள். மறுக்கிறவனுக்கும் எந்தச் சொல் வலிக்கும் என்று தெரிந்திருக்கிறது. 2008-ல் அந்த இடம் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. வாக்கெடுப்பு தோற்ற அடுத்த ஜூனிலும் ஆட்கள் வந்து கூடினார்கள்.

கூடும் நாள், ஜூன் இரண்டாவது திங்கள்கிழமை வரும் மன்னர் பிறந்தநாள் விடுமுறைக்கு முந்தைய ஞாயிறு. அது அங்கே குளிர்காலம். புகை மூட்டி வரவேற்பார்கள், கல் கல்லாக நின்று வாசித்தபடி பாறைவரை நடப்பார்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். சிட்னியிலிருந்து காரில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் டாம்வொர்த்தில் நிறுத்திச் சாப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் அக்கா மகனிடம் சொல்லி வையுங்கள். கம்பளி அவசியம்.